அத்தியாயம் 4: பையை எங்கே இறக்குவது?

திங்கட்கிழமை காலை வேலையில் சேர வேண்டும். ஞாயிறு விடியற்காலை நாலரை மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறீர்கள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி, அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை. பொழுது சாய்வதற்குள் ஓர் இடம் பிடித்துவிட வேண்டும் என்ற பதைப்பு. சென்னைக்கு வேலைக்கு வருகிறவர்கள் தங்குமிட விஷயத்தில் படும் பாட்டில் பெரும்பாதி அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தேடிக்கொண்டதுதான். வெயிலில் அலைந்து களைத்து, மூன்றாவதாகப் பார்த்த அறைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, எட்டு மாதம் புலம்புவது.

நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன். கட்டில் பார்த்தேன், மின்விசிறி பார்த்தேன், ஜன்னல் பெரிதாக இருக்கிறதே என்று மகிழ்ந்தும் போனேன். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. அது ஓர் ஓட்டலின் பின்கட்டு. அதிகாலை நாலு மணிக்குக் கிரைண்டர் ஓடத் தொடங்கும். ஐந்து மணிக்கு சாம்பார் தாளிக்கும் வாசனை வரும். வாசனைக்குக் குறை சொல்ல மாட்டேன். தூக்கம்தான் போயிற்று. மூன்று மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்திருந்ததால் உடனே கிளம்பவும் முடியவில்லை.

அதனால் இந்த அத்தியாயம் முழுக்க ஒரே கருத்தைத்தான் சுற்றி வரப் போகிறது: முதலில் எடுக்கும் இடம் வசதியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விட்டுப் போக எளிதாக இருக்க வேண்டும். வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் ஆகாமல் உங்களுக்கே எதுவும் தெரியாது. எந்த ஷிஃப்ட், எந்தக் கிளை அலுவலகம், கம்பெனி பஸ் எந்த முக்கில் நிற்கும், சம்பளத்தில் பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வரும், எதுவும். அதற்குள் பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது அவசரம்.

முதல் இரண்டு வாரத்துக்கு சித்தப்பா வீடோ, கல்லூரி நண்பனின் அறையோ இருந்தால் தயங்காமல் போங்கள். ஆனால் போகும்போதே கிளம்பும் தேதியையும் சொல்லிவிடுங்கள். “பதினஞ்சாம் தேதி வரைக்கும்தான் சித்தி, அதுக்குள்ள ஒரு ரூம் பாத்துடுவேன்” என்று முதல் நாளே சொன்ன பிள்ளைக்குக் கிடைக்கும் காபி வேறு. எப்போது கிளம்புவான் என்று தெரியாத பிள்ளைக்குக் கிடைக்கும் காபி வேறு.

தூரத்தை நேரத்தால் அளந்து பாருங்கள்

சென்னையில் வேலை என்றால் எந்தச் சென்னை என்று கேட்க வேண்டும். சிறுசேரியில் வேலை கிடைத்தவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்தவரும் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் வேலை கிடைத்தவரும் ஊரில் “சென்னையில வேலை” என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். மூன்றும் மூன்று ஊர்.

வரைபடத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று காட்டுவதை நம்பாதீர்கள். வேலை நாளில், நீங்கள் கிளம்பப் போகும் அதே நேரத்தில், நீங்கள் போகப் போகும் அதே வண்டியில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய மகாபலிபுரம் சாலையில் போய்விட்டு “இருபது நிமிஷம்தான்” என்று அறை எடுத்தவர்கள், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதே சாலையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

என் கணக்கில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருப்பது பாதி வெற்றி. கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு போகும் மின்சார ரயில், வேளச்சேரி போகும் பறக்கும் ரயில், மெட்ரோ என்று மூன்றில் ஏதாவது ஒரு நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அறை இருந்தால், அலுவலகம் மாறினாலும் அறையை மாற்ற வேண்டியிருக்காது. தரமணியில் வேலை பார்த்துக்கொண்டு திருவல்லிக்கேணியில் தங்கியிருந்த நண்பன் ஒருவன் உண்டு. எல்லோரும் சிரித்தார்கள். பறக்கும் ரயிலில் உட்கார இடம் பிடித்து, தினமும் பத்திரிகை படித்துக்கொண்டே போய் வந்தான். பெருங்குடியில் அறை எடுத்து ஷேர் ஆட்டோவில் தொங்கியவர்கள் அவனுக்குப் பிறகுதான் அலுவலகம் சேர்ந்தார்கள்.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது, வெள்ளிக்கிழமை ராத்திரிக் கணக்கு. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு தெற்கே போகும் பஸ்கள் அங்கிருந்து கிளம்புகின்றன. எழும்பூரில் புறப்படும் நெல்லை, பாண்டியன் போன்ற ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும். மாதம் ஒரு முறை ஊருக்குப் போகிறவருக்குத் தாம்பரம், குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரிப் பக்கம் ஓர் அறை இருந்தால் ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு மணி நேரம் மிச்சம். அண்ணா நகரில் தங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கிளாம்பாக்கம் கிளம்புகிறவர், ஊருக்குப் போகும் களைப்பில் பாதியைச் சென்னைக்குள்ளேயே பட்டுவிடுகிறார்.

மேன்ஷன், பிஜி, வீடு

திருவல்லிக்கேணி மேன்ஷன்களைப் பற்றிக் கிண்டலாகப் பேசுவது இப்போது வழக்கம். எனக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு. எட்டுக்குப் பத்து அறை, ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் முன்பு இருந்தவர் அடித்துவிட்டுப் போன ஆணிகள், குறுக்கே ஒரு நைலான் கொடி. குளியலறை தாழ்வாரக் கோடியில். காலை ஏழு மணிக்கு வாளியோடு வரிசை. யாரையும் அறையில் தங்கவைக்கக் கூடாது என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்வார். ஆனால் கீழே இறங்கினால் மெஸ், சலவைக்கடை, டீக்கடை எல்லாம் காலடியில். மாத வாடகை, சின்ன அட்வான்ஸ், போகிறேன் என்று முன்கூட்டிச் சொன்னால் கணக்கு முடிந்தது. விட்டுப் போக எளிதான இடம் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் சென்னையில் கிடையாது. ஒண்டியாக வந்த ஆண்களுக்கு, அதுவும் அண்ணா சாலை, ராயப்பேட்டை, எழும்பூர்ப் பக்கம் வேலை என்றால், முதல் மூன்று மாதத்துக்கு மேன்ஷனே சரி.

பிஜி என்பது மேன்ஷனுக்குப் பெரியம்மா பையன் மாதிரி. சாப்பாடும் சேர்த்து, கட்டிலுக்கு இவ்வளவு என்று கணக்கு. டூ ஷேரிங், த்ரீ ஷேரிங், ஃபோர் ஷேரிங். காரப்பாக்கம், துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் தெருவுக்கு நாலு. இங்கே கவனிக்க வேண்டியது விளம்பரத்தில் போடாத விதிகளை. ஏசி அறை என்பார்கள். ராத்திரி பத்து மணிக்குப் போட்டு காலை ஆறு மணிக்கு நிறுத்திவிடுவார்கள். நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவருக்கு அந்த ஏசி சுவரில் மாட்டிய படம்தான். மூன்று வேளைச் சாப்பாடு என்பார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வந்தால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும். எடுத்துவைப்பார்களா என்று கேளுங்கள். ஊருக்குப் போகும் நாட்களுக்குச் சாப்பாட்டுக் காசு கழிப்பார்களா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் கழிக்க மாட்டார்கள். ஆனால் கேட்ட பிறகு உங்களைக் கொஞ்சம் ஜாக்கிரதையாக நடத்துவார்கள்.

நாலைந்து பேர் சேர்ந்து வீடு எடுப்பது மாதச் செலவில் மலிவு, சமாளிப்பதில் கடினம். யாருடைய பெயரில் ஒப்பந்தமோ அவர்தான் கடைசியில் மாட்டுவார். ஆட்களைத் தெரியாமல் முதல் மாதமே இதில் இறங்க வேண்டாம்.

குழாயைத் திறந்து பாருங்கள்

சென்னையில் அறை பார்க்கப் போனால் அறையைக் கடைசியில் பாருங்கள். முதலில் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறவுங்கள்.

ஒரு வாளி நிரம்பட்டும். குழாய் வாயிலும் வாளி விளிம்பிலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா பாருங்கள். கதவுக் கீல், ஷவர் தலை, தாழ்ப்பாள் எல்லாம் துருவேறியிருக்கிறதா? நாக்கில் ஒரு சொட்டு வையுங்கள். கையில் சோப்புப் போட்டுக் கழுவிப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் நுரை வராது, வந்த பிசுக்கும் போகாது. கடலோரத்திலும் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டியும் பல இடங்களில் போர் தண்ணீர் இப்படித்தான். ஆறு மாதத்தில் தலைமுடி சொல்லிவிடும். குளிக்க போர் தண்ணீர், குடிக்க கேன் தண்ணீர் என்றால், கேன் யார் கணக்கில், வாரத்துக்கு எத்தனை என்று அப்போதே பேசிவிடுங்கள். இரண்டாவது மாதத்திலிருந்து அது உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

பிறகு வாட்ச்மேனிடமோ மாடிப்படி கூட்டும் அம்மாவிடமோ பேசுங்கள். உரிமையாளரிடம் கேட்டால் “தண்ணிப் பிரச்சினையே கிடையாது தம்பி” என்பார். அந்த அம்மாவிடம் “மே மாசம் லாரி வருமாக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள், தொட்டி எப்போது காலியாகும், மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறுமா என்று எல்லாம் வந்துவிடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு, ஐடி கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன ஊர் இது. “அந்த வருஷம் இங்க எப்படி இருந்துச்சு?” என்ற கேள்விக்கு வரும் பதில் எந்தத் தரகரும் தர முடியாத தகவல்.

தண்ணீர் இல்லாத சென்னையைப் போலவே தண்ணீர் நிற்கும் சென்னையும் உண்டு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், பெரும்பாக்கம் பக்கங்களில் தரைத்தளம் மூழ்கியது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றி எழுந்த பகுதிகளில் வாடகை கொஞ்சம் குறைவாகத் தெரிந்தால் காரணம் சுவரில் இருக்கும். சுற்றுச்சுவரில் முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே மட்டும் புதுப் பெயின்ட். அங்கே தங்கக் கூடாது என்று சொல்லவில்லை, லட்சக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். முதல் மாடிக்கு மேல் எடுங்கள். பைக் எங்கே நிற்கும் என்று பாருங்கள்.

ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு தடவை

அறையில் நீங்கள் இருக்கப்போவது ராத்திரியும் விடியற்காலையும். பார்க்கப் போவதோ பகல் பதினொரு மணிக்கு. அதனால் பிடித்த இடத்துக்கு ராத்திரி ஒன்பதரை மணிக்கு இன்னொரு தடவை போய் வாருங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து போங்கள். தெருவிளக்கு எரிகிறதா, நாய்கள் எத்தனை, டாஸ்மாக் எந்த முனையில், கடைகள் எத்தனை மணி வரை என்று கால்களே சொல்லிவிடும். பக்கத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறதா பாருங்கள். முகூர்த்த மாதங்களில் விடியற்காலை நாதஸ்வரம் உங்களையும் எழுப்பும்.

பெண்களுக்கு இன்னும் சில

பெண்கள் விடுதிகளுக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது, 2014ல் வந்தது. வேலைபார்க்கும் பெண்கள் தங்கும் தனியார் விடுதிக்கு மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வேண்டும். வரவேற்பறையில் அந்த உரிமம் மாட்டியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். “அப்ளை பண்ணியிருக்கோம்மா” என்ற பதிலுக்கு இல்லை என்று பொருள் வைத்துக்கொள்வது நல்லது.

இது வெறும் காகித விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில், மின் சாக்கெட்டுகளுக்குள் மறைத்துவைத்த கேமராக்களை அங்கே தங்கியிருந்த பெண்களே கண்டுபிடித்தார்கள். விடுதி நடத்தியவர் கைதானார். 2024 செப்டம்பரில் மதுரை பெரியார் பேருந்து நிலையம் அருகே ஒரு பெண்கள் விடுதியில் அதிகாலையில் தீப்பிடித்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதனால் அறை பார்க்கும்போது மின் சாக்கெட், குளியலறை ஹீட்டர், கூரை மூலை, கண்ணாடிக்குப் பின்பக்கம் எல்லாவற்றையும் சங்கடப்படாமல் பாருங்கள். மாடியிலிருந்து இறங்க எத்தனை வழி என்று பாருங்கள். ராத்திரி கிரில் கேட்டைப் பூட்டினால் சாவி யாரிடம், அந்த ஆள் எந்த மாடியில் தூங்குகிறார் என்று கேளுங்கள். படிக்கட்டுக்குக் கீழே கேஸ் சிலிண்டர் அடுக்கிய இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அரசு நடத்தும் தோழி விடுதிகளில் முதலில் இடம் கேட்டுப் பாருங்கள். தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு தவிர திருச்சி, வேலூர், விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்திலும் உண்டு. ஆன்லைனில் பதிவு செய்யலாம். இடம் கிடைப்பதுதான் பாடு. வேலை உத்தரவு வந்த அன்றே பதிந்துவைப்பது நல்லது.

தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள் பலருக்கு அறை தேடும் வேலை இருக்காது. கம்பெனியோ ஒப்பந்தக்காரரோ இடம் கொடுத்துவிடுவார்கள். அதனாலேயே கேள்வி கேட்க மறந்துவிடுகிறோம். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாடு கெட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் விடுதிகள் எல்லோர் கண்ணிலும் பட்டன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பெரிய குடியிருப்பை அரசு திறந்தது. உங்களுக்குக் கொடுக்கும் விடுதியில் ஓர் அறைக்கு எத்தனை பேர், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, இதற்குச் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற மூன்று கேள்வியை வண்டி ஏறுவதற்கு முன்பே கேளுங்கள்.

“கோவில்பட்டில எந்தத் தெரு?”

வீடு என்று தேடத் தொடங்கியதும் இது வரும்.

“தம்பி எந்த ஊரு?”

“கோவில்பட்டி பக்கம் சார்.”

“கோவில்பட்டில எந்தத் தெரு?”

தெருவைக் கேட்பது தெருவுக்காக இல்லை என்று கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். சிலர் “நான்-வெஜ் சமைப்பீங்களா?” என்று சுற்றி வருவார்கள். பெயரைக் கேட்டதும் “இப்பதான் ஒருத்தருக்குக் குடுத்தோம்” என்று போனை வைப்பவர்களும் உண்டு; அந்தத் தொலைபேசிப் பதில் முஸ்லிம் நண்பர்கள் எல்லோருக்கும் பழக்கம். இதற்கு என்னிடம் சாமர்த்தியமான வழி எதுவும் இல்லை. பொய் சொல்லி நுழைந்த வீட்டில் ஒவ்வொரு ஞாயிறும் கறிவாசனைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டைக் கேள்வியிலேயே அடையாளம் காட்டிய உரிமையாளருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போவதே என் வழக்கமாகிவிட்டது.

காசும் காகிதமும்

பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய பழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘தவிர’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் ஆறு மாதம் என்று இருந்தால் அது ஒப்புக்கொண்டதுதான். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்து அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. இவை சட்டத்தில் இருப்பவை. வீட்டுக்காரரிடம் சட்டம் பேசி வீடு வாங்க முடியாதுதான். ஆனால் தெரிந்துகொண்டு பேரம் பேசுகிறவரின் குரலே வேறு.

தாளில் மூன்று இடத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ஒன்று, நோட்டீஸ்: காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள். ‘லாக்-இன்’ என்று ஒரு வரி இருந்தால், அந்தக் காலத்துக்குள் கிளம்பினால் அட்வான்ஸ் போய்விடும் என்று அர்த்தம். முதல் இடத்துக்கு லாக்-இன் வேண்டாம். இரண்டு, பெயின்ட்: காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பது பல இடங்களில் வழக்கம். நாலு மாதம் இருந்தவருக்கும் அதே பிடித்தமா என்று முன்பே பேசுங்கள். மூன்று, ஈ.பி.: தனி மீட்டரா, சப்-மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பல போர்ஷனுக்கு ஒரே மீட்டர் என்றால் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறிக்கொண்டே போகும். அந்த இலவசம் யாருக்குப் போகிறது என்பதும் தெரியாது.

பிஜியில் பில் கொடுத்து அதில் ஜிஎஸ்டி சேர்த்திருந்தால் நின்று கேளுங்கள். ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் வாடகை, தொடர்ந்து 90 நாளாவது தங்கல் என்றால் 2024 ஜூலையிலிருந்து வரி விலக்கு உண்டு.

ஆதார் நகல் எல்லா இடத்திலும் கேட்பார்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு’ ஆதாரைக் கொடுங்கள். நகலின் குறுக்கே “அறை வாடகைக்கு மட்டும்” என்று எழுதித் தேதி போடுங்கள். அட்வான்ஸைக் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஒரு வெள்ளைத் தாளிலாவது எழுதி வாங்குங்கள்.

சாவி கைக்கு வந்த அன்று, சாமானை இறக்குவதற்கு முன், காலி அறையை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஏற்கனவே இருக்கும் ஆணிகள், உடைந்த சுவிட்ச், கண்ணாடியில் கீறல், வாஷ்பேசின் விரிசல், மீட்டர் ரீடிங். மூன்று நிமிடம் போதும். எடுத்ததை அப்போதே உரிமையாளரின் வாட்ஸப்புக்கு அனுப்பிவிடுங்கள்: “சார், இன்னிக்கு உள்ள வந்தப்ப இப்படி இருந்துச்சு.” பதினோரு மாதம் கழித்து, “இந்த ஆணியெல்லாம் நீங்க அடிச்சதுதானே தம்பி?” என்று அவர் கேட்கும்போது தேட வேண்டிய இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.